ஸ்டீல் தோட்டா: பிஸ்டலில் போடலாம், ரிவால்வரில் ஏன் வேண்டாம்? புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் சுடுதளத்துக்கு (ரேஞ்சுக்கு) போகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிடும்: துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டா தீராத செலவு. அந்த நேரத்தில் கடை அலமாரியில் பித்தளைத் தோட்டாவுக்குப் பக்கத்திலேயே, சில டாலர் குறைந்த விலையில், மங்கலான சாம்பல் நிறத்தில் ஸ்டீல் உறைத் தோட்டா கண்ணில் படும். "இதை என் துப்பாக்கியில் போடலாமா?" என்று கடைக்காரரைக் கேட்டால் ஒருவர் தாராளமாகப் போடுங்கள் என்பார், இன்னொருவர் தொடவே தொடாதீர்கள் என்பார். இரண்டு பேரும் பெரும்பாலும் வேறு வேறு துப்பாக்கியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள 9 மி.மீ. செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில், அதன் கையேடு தடுக்கவில்லை என்றால், பயிற்சிக்கு ஸ்டீல் தோட்டா போடலாம். ரிவால்வரில், அதுவும் புதியவர் கையில், வேண்டாம். வெடித்து முடிந்த காலி உறையை வெளியே எடுப்பது யார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. பிஸ்டலில், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகமான ஸ்லைடு எடுக்கிறது. ரிவால்வரில் உங்கள் உள்ளங்கை எடுக்கிறது, அதுவும் ஐந்தாறு உறைகளை ஒரே நேரத்தில்.

இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் முழுத் தோட்டா. அதன் முனையிலிருந்து பறந்து போவது குண்டு. வெடிமருந்தைத் தாங்கி நிற்கும் கூடு உறை. அடியில் நடுவில் இருக்கும், அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறிய வட்டம் ப்ரைமர். ஸ்டீல் தோட்டா என்று பொதுவாகச் சொல்லும்போது உறை மட்டும்தான் ஸ்டீல். குண்டு வேறு கதை, அதற்கும் வருகிறேன்.

முதலில் சட்டம்

தமிழ் வாசகர்களில் பலர் எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் என்பதால் இதை முன்னால் வைக்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, இப்படிக் குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. "வாங்கத்தானே கூடாது, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். சட்டம் பார்ப்பது கையில் இருக்கிறதா என்பதை. வாடகைத் துப்பாக்கியும் நண்பரின் துப்பாக்கியும் அதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போங்கள். வார இறுதிப் பொழுதுபோக்கு ஒன்றுக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

மாநிலச் சட்டம் ஒவ்வொரு இடத்திலும் வேறு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்தத்தோடு கடைக்குப் போங்கள்

அடுத்த வேலை, கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. நிறத்தை நம்ப முடியாது. வெள்ளி போல மின்னும் உறை நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கலாம். மங்கலான வெள்ளை நிறம் அலுமினியமாக இருக்கலாம். தங்க நிறத்தில் இருப்பது பித்தளைப் பூச்சு கொடுத்த ஸ்டீலாகவும் இருக்கலாம். ரஷ்யாவின் பர்னாவுல் தொழிற்சாலையிலிருந்து வந்த கோல்டன் பேர் தோட்டாக்கள் அப்படித்தான். ஃபிரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தம் ஒன்று போதும். உறையின் பக்கவாட்டில் வையுங்கள். ஒட்டினால் உறை ஸ்டீல்.

அப்புறம் குண்டின் முனையிலும் வைத்துப் பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது. மலிவான ஸ்டீல் தோட்டாக்கள் பலவற்றில், குறிப்பாக ரஷ்யத் தயாரிப்புகளில், ஈயக் குண்டைச் சுற்றி மெல்லிய மென்மையான ஸ்டீல் கவசமும் அதற்கு மேல் செம்புப் பூச்சும் இருக்கும். இதற்குப் பைமெட்டல் என்று பெயர். பார்க்க முழுச் செம்பு போலவே இருக்கும், ஆனால் காந்தம் இழுக்கும்.

இந்த இரண்டாவது சோதனை ஏன் முக்கியம் என்றால், உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் வாசலிலேயே காந்தம் வைத்திருப்பார்கள். குண்டில் ஒட்டினால் உள்ளே விட மாட்டார்கள். ஸ்டீல் கவசம் இலக்குக்குப் பின்னால் குண்டை நிறுத்தும் இரும்புத் தடுப்பில் மோதும்போது தீப்பொறி பறக்கும். சுடும் இடத்தின் தரையில் எரியாத மருந்துத் துகள்கள் சேர்ந்திருக்கும், அங்கே பொறி விழுந்தால் தீ பிடிக்கலாம். தடுப்பும் சீக்கிரம் சேதமாகும். வறண்ட மேற்கு மாநிலங்களில் வெளிப்புற ரேஞ்சுகளுக்கும் புல் தீப்பற்றும் பயம் உண்டு. சில ரேஞ்சுகள் குண்டில் ஒட்டாவிட்டாலும் ஸ்டீல் உறையையே வேண்டாம் என்பார்கள். தரையில் விழும் பித்தளையைப் பொறுக்கி விற்பது அவர்களுக்கு வருமானம், அதில் ஸ்டீல் கலந்தால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. எனவே பெட்டி வாங்குவதற்கு முன்பே ரேஞ்சுக்கு ஒரு போன் போட்டு, உறை ஸ்டீலாக இருந்தால் சம்மதமா, குண்டு பைமெட்டலாக இருந்தால் சம்மதமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஸ்டீலும் பித்தளையும் எப்படி நடந்துகொள்கின்றன

தோட்டா உறைக்கான பித்தளையில் சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மருந்து எரியும்போது அழுத்தத்தில் உறை விரிந்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. குண்டு போனதும் அழுத்தம் இறங்க, பித்தளை நன்றாகச் சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. பித்தளையை இவ்வளவு காலம் விடாமல் பயன்படுத்துவதற்கு முக்கியமான காரணம் இந்தச் சுருக்கம்தான்.

ஸ்டீல் அதைவிட விறைப்பு. விரிவதும் குறைவு, விரிந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதும் குறைவு. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, சேம்பர் முழுதாக அடைபடாமல் புகையும் கரியும் உறைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து படியும். இரண்டு, காலி உறை கொஞ்சம் இறுக்கமாக வெளியே வரும். துருப்பிடிக்காமல் இருக்கவும் வழுக்கிக்கொண்டு போகவும் ஸ்டீல் உறையின் மேல் பூச்சு கொடுப்பார்கள். முன்பு அரக்கு போன்ற லாக்கர், இப்போது பெரும்பாலும் பாலிமர். அந்த லாக்கர் சூட்டில் உருகிச் சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது என்று அடிக்கடி சொல்வார்கள். சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் லாக்கர் இல்லை, அடைபடாத இடத்தில் படிந்த கரி.

ஸ்டீல் உறை ஏதோ கள்ளத்தனமான மலிவுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது, இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் கிறைஸ்லர் கார் நிறுவனம் நடத்திய தொழிற்சாலை .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாக்களை ஸ்டீல் உறையில் கோடிக்கணக்கில் செய்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் அவற்றை எம்1911 பிஸ்டலிலும் தாம்சன் சப்மெஷின் துப்பாக்கியிலும் சுட்டார்கள். ஜெர்மானியர்களும் 9 மி.மீ. தோட்டாவுக்கு ஸ்டீல் உறை செய்தார்கள். சோவியத் மக்காரோவ் பிஸ்டலுக்கு ஸ்டீல் உறை வழக்கமான தீனி. இந்தப் பட்டியலில் வருபவை எல்லாம் தானாகவே உறையைக் கழற்றி எறியும் துப்பாக்கிகள் என்பதைக் கவனியுங்கள்.

செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில்

9 மி.மீ. தோட்டாவின் (முழுப் பெயர் 9 மி.மீ. லூகர்) உறை மேல்நோக்கிக் குறுகும். அடியில் சுமார் 9.9 மி.மீ., வாயில் சுமார் 9.65 மி.மீ. இந்தச் சிறிய சரிவு பெரிய உதவி செய்கிறது. உறை கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே சேம்பர் சுவரோடு தொடர்பு விட்டுவிடும். அதோடு, எக்ஸ்ட்ராக்டர் கொக்கி உறையின் விளிம்பைப் பிடித்திருக்க, பின்னால் ஓடும் ஸ்லைடின் முழு வேகமும் அதை இழுக்கிறது; உள்ளே மிச்சமிருக்கும் வாயு அழுத்தமும் அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஸ்டீல் உறையின் சிறு பிடிவாதம் இந்த விசைக்கு முன் நிற்காது.

தொடங்கும் முறை இது. பிஸ்டலின் கையேட்டை எடுத்து, ஸ்டீல் உறை பற்றி என்ன சொல்கிறது என்று படியுங்கள். சில நிறுவனங்கள் வேண்டாம் என்றே அச்சடித்திருக்கும். அப்படி இருந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தடை இல்லை என்றால் ஐம்பது தோட்டா உள்ள ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள். விலை குறைவு என்று ஆயிரம் தோட்டாப் பெட்டியை முதல் நாளே தூக்கி வராதீர்கள். சேம்பரைச் சுத்தம் செய்துவிட்டு ரேஞ்சுக்குப் போங்கள்.

மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். உறை தெளிவாக வெளியே விழுந்து, ஸ்லைடு பின்னால் நின்றால் சரி. அடுத்து இரண்டு, அப்புறம் ஐந்து, பிறகுதான் முழு மேகசின். மேகசின் காலியானதும் ஸ்லைடு பின்னால் நிற்காமல் போனாலோ, உறை உங்கள் காலடியிலேயே சோர்ந்து விழுந்தாலோ, அந்தத் தோட்டாவின் விசை உங்கள் பிஸ்டலின் ஸ்பிரிங்குக்குப் போதவில்லை என்று அர்த்தம். பிடி தளர்வாக இருந்தாலும் இதே அறிகுறி வரும். புதியவர்களுக்கு இது மிகவும் சகஜம். எனவே பிடியை இறுக்கி, பித்தளைத் தோட்டாவில் சோதித்துப் பார்த்த பிறகு ஸ்டீலைக் குறை சொல்லுங்கள். போட்டிக்காகச் சேம்பரை மிக நெருக்கமாகக் கடைந்த 1911 வகைப் பிஸ்டல்கள் ஸ்டீலில் அடம் பிடிப்பது உண்டு. அவற்றுக்குப் பித்தளையே போடுங்கள்.

உறை சிக்கிக்கொண்டால் பதற வேண்டாம். விரல் டிரிக்கரை விட்டு வெளியே, குழல் முனை இலக்கை நோக்கியே இருக்கட்டும். மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பலமாக ஓரிரு முறை இழுங்கள். வந்துவிட்டால் சேம்பரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்லைடு அசையவே இல்லை என்றால் எதையும் வைத்துத் தட்டாதீர்கள். துப்பாக்கியை அங்கேயே முனை மாறாமல் பிடித்தபடி ரேஞ்ச் அதிகாரியைக் கையுயர்த்திக் கூப்பிடுங்கள். அவர்கள் இதை அடிக்கடி பார்ப்பவர்கள்.

இன்னொரு பழக்கம்: ஒரே நாளில் ஸ்டீலையும் பித்தளையையும் மாற்றி மாற்றிச் சுட வேண்டாம். ஸ்டீல் விட்டுச் சென்ற கரியின் மேல் பித்தளை விரிந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு பித்தளை உறைதான் சிக்கும். பழி போய் நல்ல தோட்டாவின் மேல் விழும். ஸ்டீல் சுட்டால் வீட்டுக்கு வந்து சேம்பரை பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அடுத்த முறை பித்தளை.

தேய்மானம் பற்றிய பயம் ஓரளவு நியாயமானது. 2013-இல் லக்கி கன்னர் என்ற தோட்டா விற்பனை நிறுவனம் ஏஆர்-15 ரைபிள்களில் தலா 10,000 தோட்டா என்ற திட்டத்தோடு சோதித்தபோது, பைமெட்டல் குண்டு சுட்ட குழல்கள் செம்புக் கவசக் குண்டு சுட்டதைவிட வெகு சீக்கிரம் தேய்ந்தன. ஆனால் ரைபிள் குண்டு விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் போவது; 9 மி.மீ. பிஸ்டல் குண்டு சுமார் 350 மீட்டர். பிஸ்டல் குழலில் சூடும் உராய்வும் அந்த அளவுக்குப் போவதில்லை. பிஸ்டலில் நீங்கள் கண் வைக்க வேண்டியது எக்ஸ்ட்ராக்டர் கொக்கி. ஸ்டீல் விளிம்பைப் பிடித்து இழுத்து அது சீக்கிரம் தேயலாம். அது மாற்றக்கூடிய சிறிய உதிரிப் பாகம்தான்.

ரிவால்வரில்

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. பார்க்க எளிமையான இயந்திரம், ஸ்லைடு இல்லை, மேகசின் இல்லை, சிக்குவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். சுடும்வரைக்கும் அது உண்மை. சுட்டு முடித்து உறைகளைக் கொட்டும்போதுதான் தெரியும்.

ரிவால்வரில் போடும் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் தோட்டாக்கள் இரண்டுக்கும் நேர்ச்சுவர் உறைகள். அடி முதல் வாய் வரை ஒரே விட்டம். .38 ஸ்பெஷல் உறை சுமார் 29 மி.மீ. நீளம், .357 சுமார் 33 மி.மீ. 9 மி.மீ. உறைக்கு இருக்கும் சரிவு இவற்றுக்கு இல்லாததால், வெளியே வரும் வழி முழுக்க உராய்ந்துகொண்டே வர வேண்டும். இப்படி ஆறு ஸ்டீல் உறைகள், ஒவ்வொன்றும் சரியாகச் சுருங்காமல், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையான சிலிண்டருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை நட்சத்திர வடிவ எஜெக்டர் ஒன்று மொத்தமாகத் தள்ளுகிறது. அதை அழுத்துவது உங்கள் கை. .357-இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .38-க்கு 17,000. எனவே .357 ஸ்டீல் உறை இன்னும் மோசமாக இறுகும். இரண்டு அங்குலக் குழல் உள்ள சிறிய ரிவால்வர்களில் எஜெக்டர் தண்டும் குட்டை. முழு நீளத்துக்கும் உறையைத் தள்ளாது. பாதியில் நின்ற உறைகளை நகத்தால் பிடுங்க வேண்டியிருக்கும்.

.357 ரிவால்வரில் .38 சுடுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. நீளம் குறைந்த உறை என்பதால் சேம்பருக்குள் அதன் வாய்க்கு எதிரே கரி வளையம் படியும். ஸ்டீல் உறை சரியாக அடைக்காததால் அந்த வளையம் சீக்கிரம் தடிக்கும். பிறகு .357 தோட்டா போட்டால் உள்ளே போகவும் அடம், வெளியே வரவும் அடம்.

ப்ரைமரும் கவனிக்க வேண்டியது. இறக்குமதி ஸ்டீல் தோட்டாக்களின் ப்ரைமர்கள் பொதுவாகக் கடினமானவை. டிரிக்கர் இலகுவாக இருக்க வேண்டும் என்று ஸ்பிரிங்கை மாற்றிய ரிவால்வரில், ப்ரைமரை அடிக்கும் அதன் சுத்தியலின் (ஹேமர்) அடி போதாமல், ப்ரைமரில் லேசான தடம் மட்டும் விழுந்து தோட்டா வெடிக்காமல் இருக்கும். அந்தக் கணத்தில் டிரிக்கரை மறுபடி இழுத்து அடுத்த தோட்டாவுக்குப் போகத் தோன்றும். ரேஞ்சில் அதைச் செய்யவே கூடாது. தாமதமாக வெடிக்கும் தோட்டாவாக இருந்தால், சிலிண்டர் சுற்றிய பிறகு அது குழலுக்கு நேராக இருக்காது; வெடித்தால் குண்டு போக வழியில்லை. வெடிக்காத பட்டாசின் கிட்டே போகாதே என்று தீபாவளிக்கு வீட்டில் சொல்வார்களே, இங்கேயும் அதுதான் விதி. குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடி முழுதாக எண்ணுங்கள். அதற்குப் பிறகுதான் சிலிண்டரைத் திறக்கலாம். பிஸ்டலிலும் முப்பது விநாடி விதி உண்டு, ஆனால் ரிவால்வரில் அதன் ஆபத்து தனி ரகம்.

இதற்கு மாறாக, சுட்ட சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதாக, பொத்தென்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த குண்டைச் சுட்டால் குழல் பிளக்கலாம். எந்தத் தோட்டாவாக இருந்தாலும், எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் இது பொருந்தும்.

இவ்வளவும் படித்த பிறகும் கையில் .38 ஸ்டீல் தோட்டா இருக்கிறது, வீணாக்க மனமில்லை என்றால், இப்படிச் செய்யுங்கள். சேம்பர்களைப் பளிச்சென்று சுத்தம் செய்யுங்கள். ஆறும் போடாமல் இரண்டு மட்டும் போட்டுச் சுட்டு, எவ்வளவு எளிதாக வெளியே வருகின்றன என்று பாருங்கள். உறைகளைக் கொட்டும்போது சிலிண்டரைத் திறந்து, குழல் முனையை ரேஞ்ச் அனுமதிக்கும் திசையில் மேல்நோக்கி வைத்து, எஜெக்டர் தண்டை உள்ளங்கையால் ஒரே வெட்டில் அழுத்துங்கள். மெதுவாக அழுத்தினால் பாதியில் நிற்கும். இரண்டுக்கே பலம் தேவைப்பட்டால் ஆறு போடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சிக்கிவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள், மேசை விளிம்பில் குத்தாதீர்கள். தண்டு வளைந்தால் சிலிண்டர் சரியாகச் சுற்றாது, பழுதுச் செலவு நீங்கள் மிச்சம் பிடித்ததைப் பல மடங்கு தாண்டும். சூடு ஆறும்வரை விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். சிக்கியவற்றில் ஒன்றாவது வெடிக்காத தோட்டா என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

9 மி.மீ. அல்லது .45 ஏசிபி சுடும் ரிவால்வர்களும் உண்டு. அந்தத் தோட்டாக்களுக்கு வெளியே நீட்டிய விளிம்பு இல்லாததால் மூன் கிளிப் என்ற மெல்லிய தகட்டில் மாட்டிப் போடுவார்கள். முதல் உலகப் போரில் 1911 பிஸ்டல் போதாமல் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸனும் எம்1917 ரிவால்வர் செய்தபோது தொடங்கிய பழக்கம். ஸ்டீல் உறைகளின் விளிம்புப் பள்ளம் தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். கிளிப்பில் தளர்வாக ஆடினாலோ ஏறவே மறுத்தாலோ அந்தத் தோட்டா அந்த ரிவால்வருக்கு ஆகாது.

ரிவால்வர்க்காரருக்குக் காசு மிச்சம் பிடிக்க நல்ல வழி அலுமினிய உறை. ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் உள்ள சிசிஐ நிறுவனத்தின் பிளேஸர் அலுமினியம் .38 ஸ்பெஷலிலும் வந்திருக்கிறது. காந்தம் ஒட்டாது, ரிவால்வரிலிருந்து ஸ்டீலைவிட எளிதாக வெளியே வரும். கிடைக்கும்போது வாங்கி வையுங்கள்.

உண்மையில் மிச்சம் எவ்வளவு?

ஒரு தோட்டாவுக்கு மூன்று சென்ட் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் தோட்டாவுக்கு முப்பது டாலர். மாதம் இருநூறு சுடுபவருக்கு ஐந்து மாதத்தில் முப்பது டாலர். அதிகம் சுடுபவருக்கு இது பணம்தான். எப்போதாவது போகிறவருக்கு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பித்தளை உறையை மறுபடி நிரப்பலாம் அல்லது நிரப்புபவர்களுக்குக் கொடுக்கலாம். ஸ்டீல் உறை ஒருமுறையோடு குப்பை. 2021 ஆகஸ்டில், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் கொடுக்கப்பட்ட விவகாரத்துக்காக அமெரிக்கா ரஷ்யா மீது தடை அறிவித்து, செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. துலா, பர்னாவுல் ஆகிய ரஷ்யத் தொழிற்சாலைகளின் சரக்கு மலிவாகக் குவிந்த காலம் அதோடு முடிந்தது. எனவே பழைய கட்டுரைகளில் சொல்லும் விலை வித்தியாசத்தை நம்பாமல், இன்றைய விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. ஈயத் தூசு கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ரேஞ்சுக்குப் போட்டுக்கொண்ட சட்டையைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள். ஸ்டீல் தோட்டா ஈரத்தில் துருப்பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, பூட்டி வையுங்கள். துரு ஏறிய உறையைத் தேய்த்துச் சுடப் பார்க்காதீர்கள். ரேஞ்சில் வெடிக்காத தோட்டா போடும் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.

ரேஞ்சுக்கு என்று ஒரு பை ஒதுக்குங்கள், அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பி, ஓரத்தில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவோடு இந்திய விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். தெரியாமல் வந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வழக்கை ரத்து செய்தவர்களும் உண்டு, ஆனால் அதற்குள் விடுமுறை முழுவதும் போய்விடும். பயணத்துக்கு முந்தைய நாள் பெட்டியின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, உள்பைகளில் கை விட்டுத் துழாவிப் பாருங்கள். ஜாக்கெட் பையையும்.